துருக்கி மொழியில் இறந்த காலம் இரண்டு

ஒன்பதாம் பாடத்தை எடுத்துவிடலாமா என்று ரேவதி கேட்டார்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் நடத்துகிறவர் அவர். துருக்கிக் கம்பெனிகளுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் படித்துக்கொண்டு போக, நாற்பது பக்கத்தில் ஒரு சின்ன இலக்கணப் புத்தகம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டதும் அவர்தான். நான் இருபது வருடத்துக்கு மேல் துருக்கிக்காரர்களோடு வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து உட்கார்ந்திருப்பவன். எழுதிக் கொடுத்தேன்.

"சார், இப்பல்லாம் எல்லார் கையிலயும் ஃபோன் இருக்குது. தமிழ்ல பேசினா அதுவே துருக்கில சொல்லிடுது. நம்ம புக்கு ஒரு கைத்துணைக்கு இருந்தா போதுங்க. இந்த ஒன்பதாம் பாடம், 'மிஷ்'னு போட்டிருக்கீங்களே, ஆரம்பத்துல படிக்கிறவங்களுக்கு அது ஜாஸ்தி சார். அந்த ஃபோனே அதையெல்லாம் கண்டுக்க மாட்டேங்குது."

"அது ஒண்ண மட்டும் எடுக்க முடியாதும்மா."

"அப்பிடி இன்னா சார் இருக்குது அதுல?"

வாயால் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சின்னசேலம். பட்டப்படிப்பில் ஒரு பாடம் நின்றுபோயிற்று. சேலத்தில் தட்டச்சுப் படித்தேன், அரிசி மண்டியில் கொஞ்ச நாள் இருந்தேன், பிறகு ஓமனுக்குப் போனேன். மஸ்கட்டிலிருந்து ஐந்து மணி நேரம் உள்ளே, வறண்ட மலைகளுக்கு நடுவில், ஒரு துருக்கிக் கம்பெனி சாலையும் பாலங்களும் கட்டிக்கொண்டிருந்தது. என் வேலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் புவாந்தோர். காலையில் யார் வந்தார்கள், எந்தப் பாலத்துக்குப் போனார்கள், சாயங்காலம் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று பெயர் எழுதுகிற வேலை.

முதல் நாள் நான் கற்றுக்கொண்டது இரண்டே சொல். வார், யோக். இருக்கிறது, இல்லை. தண்ணீர் இருந்தால் 'சு வார்'. இல்லாவிட்டால் 'சு யோக்'. நம்மூரில் 'தண்ணி இருக்கு', 'தண்ணி இல்ல' என்கிற மாதிரியேதான். ஒரு மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மொழி தமிழனுக்குக் கஷ்டமில்லை. வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வருகிறது. வீடு, வீட்டில், வீட்டிலிருந்து என்று நாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே போவது போல, அவர்களும் எவ், எவ்தே, எவ்தென் என்று ஒட்டிக்கொண்டே போகிறார்கள். ஒட்டுகிற வால் மட்டும் முன்னால் நிற்கிற உயிரெழுத்தைப் பார்த்து நிறம் மாறும். அறை என்றால் ஒதா. அறையில் என்பது 'ஒதாதே' ஆகாது, 'ஒதாதா' ஆகும். நம்மிடம் 'வந்தானா' என்று கடைசியில் ஏறுகிற கேள்வி அவர்களிடம் 'மி' என்று ஏறும். அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல், 'ஓ'. இவ்வளவும் ரேவதியின் புத்தகத்தில் முதல் எட்டுப் பாடத்துக்குள் வந்துவிட்டது.

இதையெல்லாம் எனக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. நெஜாத்தி பே என்கிற எங்கள் தள அலுவலகத் தலைவரிடம் தினமும் அறிக்கை கொடுத்துக் கொடுத்து வந்தது. 'பே' என்பது மரியாதைக்குப் பெயருக்குப் பின்னால் சேர்ப்பது, நாம் அண்ணன் சேர்க்கிற மாதிரி. நாற்பது வயதுக்காரர். குரல் உயர்த்த மாட்டார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து, இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு பென்சில். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். நான் எழுதிக் கொண்டுபோகிற அறிக்கையில் எழுத்துப் பிழை, வால் பிழை எல்லாவற்றுக்கும் நீலம் போடுவார். காலத்தில் பிழை வந்தால் மட்டும் பென்சிலைத் திருப்பிப் பிடிப்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள், தண்ணீர் லாரி வந்தது என்று எழுதியிருந்தேன். வந்தது என்பதற்கு 'கெல்தி'. அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"கோர்தூன் மூ, துய்துன் மு?"

பார்த்தாயா, கேட்டாயா என்று அர்த்தம். வாயை ஓகாரத்துக்குக் குவித்துக்கொண்டு எகரத்தைச் சொன்னால் அந்த முதல் எழுத்து வரும். எனக்கு அது வர ஆறு மாதம் ஆயிற்று. வாட்ச்மேன் சொன்னார் என்றேன். பென்சில் திரும்பியது. 'கெல்தி'யை அடித்துவிட்டு 'கெல்மிஷ்' என்று எழுதினார்.

துருக்கி மொழியில் இறந்த காலம் இரண்டு. நீயே பார்த்திருந்தால் 'தி'. பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், அல்லது நனைந்த தரையைப் பார்த்து மழை பெய்திருக்கிறது என்று நீயாகத் தெரிந்துகொண்டாய் என்றால் 'மிஷ்'. இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது புரியவே மாட்டேன் என்றது. எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. லாரி வந்துச்சி, லாரி வந்துச்சாம். இவ்வளவுதானே என்று சிரித்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த 'மிஷ்' ஒருவருடைய வேலையைக் காப்பாற்றியதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிரேன் ஓட்டுநர் வேலை நேரத்தில் தூங்கிவிட்டார் என்று புகார் வந்தது. விசாரித்து எழுதும்போது எல்லாருமே 'தூங்கினாராம்' என்றுதான் சொன்னார்கள். நானும் 'மிஷ்' போட்டு எழுதினேன். நெஜாத்தி பே அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் பார்த்தவர் எங்கே?" என்று கேட்டார். பார்த்தவர் யாரும் இல்லை. அந்த ஓட்டுநர் அதே கிரேனில் இன்னும் மூன்று வருடம் இருந்தார். அதற்குப் பிறகு விசாரணை என்றால் என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். தனி அறை கொடுத்தார்கள். புவாந்தோர் என்று இருந்தவன் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

செல்வராசு விழுந்தது அப்போதுதான்.

செல்வராசு கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரர். கம்பி கட்டுகிறவர். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். சம்பள நாளில் என்னைப் பார்த்தால், "இன்னா சார், சின்னசேலத்துல மழையா?" என்று கேட்பார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், "நம்மூர்க்காரங்கள கேட்டா ஒரு திருப்தி" என்பார். அவரோடு அதே சாரத்தில் வேலை செய்தவர் சடையன், கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரர். சாரம் கட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

காலை பத்து மணிக்கு மேல் இரண்டாம் பாலத்தின் தூணிலிருந்து செல்வராசு விழுந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

நெஜாத்தி பே அந்த மாதம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் ஒரு இளம் பொறியாளர் இருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு அரை மணிக்கு ஒரு தரம் தொலைபேசி. மதியத்துக்குள் அறிக்கை போக வேண்டும். மேசை மேல் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தச் சாரத்தில் யார் இருந்தது என்று கேட்டார். சடையனைக் கூட்டி வந்தார்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பெல்ட்ட அவனே அவுத்துட்டானா…" என்றார் சடையன். உயரத்தில் ஏறுகிறவர்கள் விழாமலிருக்க மாட்டிக்கொள்கிற பெல்ட் அது.

எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்லின் கடைசி எழுத்து மூக்கில் ஏறிக் கரைந்துவிடும். 'அவுத்துட்டான்' என்பதும் அப்படித்தான் முடியும், 'அவுத்துட்டானாம்' என்பதும் அப்படித்தான் முடியும். வெளியூர்க்காரனுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அந்த மண்ணில் பிறந்தவன். இத்தனை வருடமாக என்னை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன், எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று. விழுந்தது. அவர் 'ஆம்' போட்டுத்தான் சொன்னார்.

நான் அதைத் துருக்கியில் சொல்லி முடிப்பதற்குள், 'பெல்ட்டை அவனே' என்பது வரைக்கும் கேட்டுவிட்டுப் பொறியாளரே குறுக்கே கேட்டார். அவர் விரல் விசைப்பலகை மேல் இருந்தது.

"ஆச்தி மி?"

அவிழ்த்தானா? அவருடைய கேள்வி 'தி'யில் வந்தது. நானும் 'தி'யிலேயே பதில் சொன்னேன்.

"ஆச்தி."

'ஆச்மிஷ்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வால்தான் வித்தியாசம். அவர் தட்டச்சு செய்துவிட்டார். மேலே 'கண்ணால் கண்ட சாட்சி' என்று தலைப்புப் போட்டார். அதற்கு ஆங்கிலப் பிரதி வேண்டுமென்றார். நானே உட்கார்ந்து, சம்பவத்தை நேரில் பார்த்த சடையன் என்பவர் கூறுவதாவது என்று அடித்தேன். சடையன் கைநாட்டு வைத்தார். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உடனே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அறிக்கை போய்விட்டது, பொறியாளர் கோபித்துக்கொள்வார், என் விசா புதுப்பிக்க வேண்டிய மாதம், இப்போதுதான் கொடுத்த தனி அறை. இவைதான் அன்றைக்கு என் தலைக்குள் ஓடியவை. இதில் எதையும் நான் மறைக்கப் போவதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று சோற்றைப் பிசைந்தேன். மறுநாளும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் உடலும் அதோடு அந்தக் காகிதங்களும் ஊருக்குப் போயின.

நெஜாத்தி பே திரும்பி வந்து முதல் வேலையாக அந்த அறிக்கையைப் படித்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இந்தச் சடையன், பார்த்தாரா, கேட்டாரா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. போய்க் கேட்டு வா என்றார்.

சடையன் கிடங்கில் இரும்புக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டதும் திகைத்துப்போனார்.

"நான் எங்க சார் பாத்தேன்? கொழாய கோக்குற கப்ளர் எடுக்கக் கீழ எறங்கிட்டேன். ஏறி வர்றதுக்குள்ள சத்தம் கேட்டுச்சி. அவனே அவுத்துட்டானாம்னு கீழ நின்ன ஜனங்க பேசிக்கினாங்க. அதத்தான் சொன்னேன்."

அந்த ஜனங்களையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் வேறொருவரைக் காட்டினார். கடைசியில் பார்த்தவர் என்று ஒருவரும் தேறவில்லை. சாரத்தில் ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு மாறும்போது பெல்ட்டின் கொக்கியை எடுத்துத்தான் மாட்ட வேண்டும். அந்த நேரத்தில் கால் தவறியிருக்கலாம். கொக்கியே சரியாக மாட்டாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது.

நெஜாத்தி பே பென்சிலைத் திருப்பிப் பிடித்து 'ஆச்தி'யை அடித்தார். பக்கத்தில் 'ஆச்மிஷ்' என்று எழுதினார். கீழே இரண்டு சொல் எழுதினார்: கோரென் யோக். பார்த்தவர் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். விவகாரம் முடிந்துவிட்டது, திரும்பத் திறப்பதற்கில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். பதில் வரவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் அறிக்கைகளைப் படிக்கும்போது பார்த்தாயா, கேட்டாயா என்று என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டார். யார் சொன்னதாக நான் எழுதியிருந்தாலும், அவரே எழுந்து போய் அந்த ஆளைப் பார்த்துவிட்டு வருவார். அடுத்த வருடம் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது கை கொடுத்தார், தேநீர் கொடுத்தார். அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நான் அந்த வேலையிலேயே இன்னும் பல வருடம் இருந்தேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்கு வரும்போது கருணாபுரம் போய் அந்த வீட்டில் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி எவ்வளவு தூரம்! கல்யாணம், காதுகுத்து, வீடு கட்டுகிற வேலை, ஏதாவது ஒன்று வந்துவிடும். அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர்களுக்கு அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது, விபத்து என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், போய்க் கிளறுவானேன் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓய்வுபெற்று வந்து, ரேவதிக்காக எழுத உட்கார்ந்தபோது எட்டுப் பாடம் பத்து நாளில் முடிந்தது. ஒன்பதாவதில் நின்றுவிட்டேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு வாக்கியம் வேண்டும். வந்தான், வந்தானாம் என்று எழுதினால் போதும். எழுத முடியவில்லை. ஒரு வாரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கரியாலூருக்குப் பஸ் ஏறினேன். முதலில் சடையனைப் பார்த்துவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு கருணாபுரம் போகலாம் என்று எண்ணம். அந்தப் பாடத்தை எழுதி முடித்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

சடையன் வீட்டு முன்னால் சாக்கை விரித்துக் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். முடி வெளுத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"நான் அப்பவே போயி சொல்லிட்டேன் சார்" என்றார்.

"யார்கிட்ட?"

"செல்வராசு பொண்டாட்டிகிட்டதான். தனம்னு பேரு. காண்ட்ராக்ட் முடிஞ்சி ஊருக்கு வந்த மறு வாரமே போனேன். ஏம்மா, நான் பாக்கல, ஜனங்க பேசிக்கினத சொன்னேன்னு சொன்னேன். அது உள்ள போயி காயிதத்த எடுத்தாந்து நீட்டுச்சி. அங்க படிச்சவங்க யாரோ படிச்சிக் காட்டிருக்காங்க. 'இதுல நீ நேர்ல பாத்தேன்னு போட்டு உன் கைநாட்டும் இருக்குது. இப்ப எம்மேல பாவப்பட்டுக்கினு பொய் சொல்ல வந்தியா'ன்னு கேட்டுச்சி. நான் இன்னா சார் சொல்றது? காயிதத்துல இன்னா இருக்குதுன்னு எனக்கு எங்க தெரியும்?"

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அதுக்கப்பறம் நான் கருணாபுரம் பக்கமே போறதில்ல. நீங்க தப்பா எழுதுவீங்கன்னு எனக்குத் தோணல சார். நீங்க படிச்சவங்க. நான்தான் பயத்துல பாத்தேன்னு ஒளறிட்டேனோன்னு நெனச்சிக்கினே இருந்தேன். செத்தவன் பேர கெடுத்துட்டேனேன்னு. இத்தினி வருஷமும் அதுதான்."

"இல்ல சடையா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. அவுத்துட்டானாம்னுதான் சொன்னீங்க. எங்காதுல விழுந்துச்சி. நான்தான் மாத்திட்டேன்."

"ஆம்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துடைத்துக்கொண்டு, கூட வர மாட்டேன் என்றார்.

"நான் சொல்லிட்டேன் சார். அது நம்பல. எழுதினவங்க போயி சொன்னாதான் நம்பும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கருணாபுரம் போனேன். தனம் கொத்து வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். அன்று வேலை இல்லை. சிமென்ட் ஓட்டு வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். யாரு என்று கேட்டார்.

"ஓமன்லேர்ந்து வந்துச்சே ஒரு காயிதம், அத எழுதினவன் நான்தாம்மா."

கையை உதறிக்கொண்டு எழுந்தார். உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்தது. நான் அடித்த எழுத்து.

நடந்ததைச் சொன்னேன். என் வேலைக்கும் அறைக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்.

"அப்ப அவரு பெல்ட்ட அவுக்கலியா?"

"தெரியாதும்மா. பாத்தவங்க ஒருத்தரும் இல்ல."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதியிருக்கலாமே சார்."

அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்துத் துடைத்துக் கை காய்ந்த பிறகும் துடைத்தார்.

"அவரு ஃபோன் பண்ணாரு, அதுக்கு ரெண்டு நாளு முன்ன. பொங்கலுக்கு வர்ல, இன்னும் ஒரு வருஷம் இருக்கப்போறேன்னாரு. எனக்குக் கோவம். அப்ப அங்கியே கெட, வூட்டுக்கு வராதன்னு கத்திட்டு வச்சிட்டேன். மூணாம் நாளு சேதி வந்துச்சி. பெறவு காயிதம் வந்துச்சி, அவரே அவுத்துக்கினாருன்னு. தெருவே சொல்லிச்சி, பொண்டாட்டி பேச்சு தாங்காம குதிச்சிட்டான்னு. எங்க மாமியா சாவுற வரைக்கும் எங்கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல."

சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார்.

"எம்பொண்ணு கவிதாவுக்கு அப்ப ஒம்போது வயசு. நான் கத்தும்போது பக்கத்துல நின்னுக்கினு இருந்துச்சி. அதுவும் அப்பிடித்தான் நம்பிக்கினு இருக்குது. கல்யாணம் பண்ணிப் போனதுலேர்ந்து எங்கூடப் பேச்சு இல்ல. கொழந்த பொறந்ததையே வேற ஆளுங்க சொல்லித்தான் தெரிஞ்சிக்கினேன்."

"எங்க இருக்குது பொண்ணு?"

"சின்னசேலம்."

தெருவின் பெயரைச் சொன்னார். என் வீட்டிலிருந்து நாலாவது தெரு. ரேஷன் கடை வரிசையில் அந்தப் பெண்ணை நான் எத்தனையோ முறை பார்த்திருக்க வேண்டும்.

"எங்கிட்ட சொன்னத அதுகிட்ட வந்து சொல்வீங்களா?" என்று கேட்டார் தனம். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அப்போதே கிளம்பினோம். துவைத்துக்கொண்டிருந்த துணியை அலசிக்கூடப் போடவில்லை. பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, காகிதத்தை உறையோடு மடியில் வைத்துக்கொண்டார். சின்னசேலத்தில் இறங்கி நடக்கும்போது, "நான் வாசல்லியே நிக்கிறேன், நீங்க போயி பேசுங்க. என்ன பாத்தா கதவ சாத்திடும்" என்றார்.

கவிதா இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். அப்பா முகம். அந்த நெற்றி, அந்தப் புருவம். தெருவில் நின்ற அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. நான் அவசரமாக, உங்கப்பாவோட வேலை பார்த்தவன் என்று சொன்னேன். அவள் கதவைப் பிடித்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கு மூன்றாம் முறையாக அதே கதையை எடுத்துச் சொல்வது போல இருந்தது, பஸ்ஸில் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனாலும் பாதியில் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொல்லி முடித்தேன்.

"இத்தினி வருஷம் எங்க சார் போயிருந்தீங்க?" என்றாள்.

"இங்கதாம்மா இருந்தேன். நாலு தெரு தள்ளி."

அவள் அழவில்லை. குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். தனம் காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளக்கூட இல்லை.

கவிதா உள்ளே போனாள். கதவைச் சாத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் போடுகிறாள் என்று நினைத்து, வேண்டாம்மா என்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அதை வாசற்படிக்குப் பக்கத்தில், நிழல் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒக்காரு."

தனம் வந்து உட்கார்ந்தார். நான் காலி டம்ளரைப் படியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை.